எழில்மொழி ஒட்டிய கல்யாணப் படம்

நீடாமங்கலத்தைச் சுற்றி எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஹாலில் ஒரு கல்யாணப் படம் மாட்டியிருக்கும். அதில் பாதிக்கு மேல் எழில்மொழியின் கைபட்டது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணனை, போன வருஷம் செத்துப்போன தாத்தாவை, சண்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வராத சித்தப்பாவை, யாரை வேண்டுமானாலும் கொண்டுவந்து மணமக்களின் பக்கத்தில் நிறுத்திவிடுவாள். அவள் ஒட்டினால் ஒட்டினது தெரியாது. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு கை.

ஆனால் அவள் வீட்டுச் சுவரில் ஒரு கல்யாணப் படம் கிடையாது. கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "எடுக்கலைங்க." ஊர் கல்யாணத்துக்கெல்லாம் ஆல்பம் போட்டவள் தன் கல்யாணத்தில் ஒரு படம் எடுக்கவில்லையாம். யார் நம்புவார்கள்? ஆனால் உண்மை அதுதான். எடுக்க வந்தவர்களையும் அவள் எடுக்கவிடவில்லை. ஏன் என்று தெரிந்தால் உங்களுக்கும் வயிறெரியும்.

கோரையாற்றங்கரையில் வீடு. அப்பா அரசப்பன் பிறர் வயலில் நாற்றுக்கட்டு தூக்கிக்கொண்டிருந்தவர், பிறகு இரண்டு மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தானே பயிர் வைத்தார். அம்மா தங்கம்மாள் வாயும் கையும் சேர்ந்து ஓடுகிறவள். மூத்தவள் எழில்மொழி, அவளுக்கு மூன்று வயது இளையவன் அன்பரசன். பிளஸ் டூ முடித்து டிடிபி கற்றுக்கொண்டு, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் நெய்னா முகம்மது நடத்திய ஸ்டுடியோவில் எழில்மொழி வேலைக்குச் சேர்ந்தாள். அவள் சம்பளத்தில்தான் தம்பி பாலிடெக்னிக் படித்தான், அவள் சம்பளத்தில்தான் ஷார்ஜாவுக்கும் விமானம் ஏறினான். ஏறுவதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் வைத்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னான்.

"ஒன் கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டியாரப்போறது நான்தாங்க்கா. அதுக்கப்புறம்தான் எனக்கு."

எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. பெண்ணின் உடன்பிறந்தவன் மாலை போட்டு அழைத்து வந்தால்தான் மாப்பிள்ளை மணவறை ஏறுவார். மூத்தவள் வீட்டில் இருக்கும்போது இளையவன் கல்யாணம் பண்ணிக்கொள்வதும் இல்லை. எழில்மொழி அந்த வார்த்தையைத் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். பைத்தியக்காரி.

இரண்டாயிரத்து மூன்றில் நெய்னா பாய் சென்னையிலிருந்து ஒரு சிடி வாங்கி வந்தார். ஃபோட்டோஷாப்போடு சேர்த்துப் போடுகிற பிளக்-இன் அது. கல்யாணப் பெண்ணை ஒரு படத்திலிருந்து எடுத்து இன்னொரு படத்தில் வைப்பதில் பெரிய தலைவலியே தலைமுடிதான். உடம்பை வெட்டிவிடலாம், சேலையை வெட்டிவிடலாம், மல்லிகைப்பூவுக்கு மேலே பறக்கும் முடியை வெட்ட முடியாது. வெட்டினால் தலையில் குல்லாய் கவிழ்த்தது போலிருக்கும். இந்தப் பிளக்-இன் ஒவ்வொரு முடியையும் தனித்தனியாகப் பிரித்தெடுத்துக் கொடுத்தது. பாய் அதற்குச் 'சீப்பு' என்று பேர் வைத்துவிட்டார். ஏம்மா எழிலு, அந்த வலங்கைமான் பொண்ணுக்குச் சீப்புப் போட்டியா என்று கேட்பார். வெளியாள் யாராவது கேட்டால் இது ஃபோட்டோ கடையா சவுரிக் கடையா என்று குழம்பிப்போவார்கள்.

சீப்பைப் போட்டுப் பார்க்க அன்றைக்கு நீள முடி வைத்த வாடிக்கை யாரும் கிடைக்கவில்லை. நீயே உக்காரும்மா என்றார் பாய். எழில்மொழி பின்னலைத் தளர்த்திப் பூ வைத்துக்கொண்டு நீலத் துணிக்கு முன்னால் உட்கார்ந்தாள். பிறகு தன் படத்தைத் தானே வெட்டியெடுத்தாள். பிளக்-இன் சிடியில் மாதிரிக்கென்று கிடந்த படங்களில் பட்டு வேட்டியோடு ஒரு மாப்பிள்ளை தனியாக நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பேர் கிடையாது, ஊர் கிடையாது. அவர் பக்கத்தில் தன்னை நிறுத்திக் கழுத்தில் ஒரு மாலையும் போட்டுவிட்டாள். படம் அத்தனை அச்சாக வந்தது. பாய் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஷோகேஸில் வைத்துவிட்டார்.

தங்கம்மாள் வந்து ஆடினாள் பாருங்கள். கல்யாணமாகாத பெண்ணை எவனோ ஒருத்தன் பக்கத்தில் மாலையும் கழுத்துமாகத் தெருவுக்குக் காட்டுவதா, யார் கண் படுமோ, என்ன நேருமோ என்று கடை வாசலில் நின்று சத்தம் போட்டாள். பாய் பதறிப்போய்ப் படத்தை எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். அதை அவள் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். எழில்மொழி அதை அத்தோடு மறந்தாள்.

வருஷங்கள் ஓடின. பாய் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார், புதிய ஃபோட்டோஷாப்பும் வந்தது. வேகமென்றால் அப்படி ஒரு வேகம். ஆனால் சீப்பு அதில் ஏற மறுத்தது. எழில்மொழி சிடியைப் போட்டாள், கோப்பை எடுத்துப் பிளக்-இன் ஃபோல்டருக்குள் வைத்தாள், ஃபோட்டோஷாப்பை மூடித் திறந்தாள். ஃபில்டர் பட்டியலில் பேரையே காணோம். மறுபடி வேறு ஃபோல்டரில் வைத்துப் பார்த்தாள். இந்தப் பதிப்போடு ஒத்துப்போகாது என்று திரையில் ஒரு பெட்டி வந்து நின்றதுதான் மிச்சம். புதிய சீப்பு வாங்கலாமென்றால் பாய் காது கேட்காதவர்போல் ரயில்வே கேட்டைப் பார்ப்பார். ஆகவே பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடவில்லை. மேக்கப் அறையின் மூலையில் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். மற்ற வேலையெல்லாம் புதியதில். முடி வெட்ட மட்டும் படத்தைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு பழையதற்குப் போக வேண்டும். புதியதில் சேமிக்கும்போது பழையதும் படிக்கிற மாதிரி ஒரு டிக் போட மறந்தால், அங்கே போய்த் திறக்காது. திட்டிக்கொண்டே திரும்பி வர வேண்டும்.

இதற்கு நடுவில் எழில்மொழிக்கு ஒரு வரன் வந்தது. இராஜாங்கம், ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை. தினமும் கேட் மூடிக் கிடக்கும்போது ஸ்டுடியோ கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து, பிறகு முறையாக வீட்டுக்கே ஆள் அனுப்பினார். எழில்மொழிக்கும் பிடித்திருந்தது. தங்கம்மாள்தான், தம்பி வராமல் எப்படி என்றாள். ஷார்ஜாவிலிருந்து அன்பரசன், லீவு இல்லை, தைக்கு வந்துவிடுகிறேன் என்றான். அந்தத் தையும் போயிற்று, அவன் வரவில்லை. மாசியில் அரசப்பனும் தங்கம்மாளும், உன் கல்யாணத்துக்காக வேண்டியிருக்கிறோம் என்று பழனிக்குப் போய் வந்தார்கள். எழில்மொழி வாங்கிக் கொடுத்த மாம்பழ நிறப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டுதான் தங்கம்மாள் கிளம்பினாள். வரும்போது பஞ்சாமிர்தம் கொண்டுவந்தார்கள். தனக்காக இந்த வயதில் மலை ஏறியிருக்கிறார்களே என்று எழில்மொழி கண்கலங்கிச் சாப்பிட்டாள்.

இராஜாங்கம் எத்தனை நாள்தான் காத்திருப்பார்? மன்னார்குடியில் வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். அந்தக் கல்யாண ஆல்பம் எந்தக் கடைக்கு வந்தது தெரியுமா? நெய்னா பாய், வேற யாருகிட்டயாவது குடுத்துடறேம்மா என்றார். வேண்டாமென்று எழில்மொழியே உட்கார்ந்து போட்டாள். மணப்பெண்ணின் முடியைச் சீப்புப் போட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒரு குறை வைக்கவில்லை. தம்பி மேல் அப்போதும் அவளுக்குக் கோபமில்லை. வெயிலில் கிடந்து சாகிறான், அவன் என்ன செய்வான் என்றாள்.

இரண்டாயிரத்து ஏழில் மறுபடி ஒரு வரன். திருப்பனந்தாள் துரைராசு, கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். அவரும் அவர் அக்காவும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எழில்மொழிக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. இதுவும் தவறினால் இனி வீடு தேடி ஒருவரும் வரப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அன்பரசன் பழைய பாட்டையே பாடினான்: லீவு இல்லை, அடுத்த தைக்கு. தங்கம்மாள் ஒரு வழி சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் தம்பியைப் பார்த்ததில்லையே, அவனையும் சேர்த்து ஒரு குடும்பப் படம் போட்டுக் கொடுத்துவிடு, அதைக் காட்டித் தைவரை பொறுக்கச் சொல்லலாம் என்றாள்.

எழில்மொழி தம்பிக்கு மெயில் போட்டாள். செல்ஃபோன் படம் வேண்டாம், நல்ல கேமராவில் எடுத்ததாக, முகம் நேராக, பெரிய படமாக ஒன்று அனுப்பு. அவன் அனுப்பினான். படம் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் கழுத்தோடு வெட்டியிருந்தான். நெற்றியில் சந்தனம். கழுத்துக்குக் கீழே இல்லாமல் நான் எப்படி ஒட்டுவது என்று அவள் ஃபோனில் கேட்டதற்கு, வேறு சட்டையைப் போட்டு ஒட்டிக்கக்கா, ஒனக்குத் தெரியாததா என்று சிரித்தான். சந்தனம் ஏதடா என்றால் கோயிலுக்குப் போனேன் என்றான்.

நெற்றியில் விழுந்த முடியை வெட்ட வேண்டும். படத்தைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு பழைய கம்ப்யூட்டரின் முன்னால் போய் உட்கார்ந்தாள். துணியை விலக்கினாள், ஃபோல்டரைத் திறந்தாள். உள்ளே இருக்கும் படங்கள் வரிசையாகக் குட்டிக் குட்டியாகத் தெரிந்தன. தம்பியின் படம் இருக்க வேண்டிய இடத்தில் தம்பியின் முகம் இல்லை. நாலு பேர் நின்றார்கள்.

கேமரா படம் எடுக்கும்போதே அதன் குட்டிப் பிரதி ஒன்றையும் அதே கோப்புக்குள் வைத்துவிடும். சில மென்பொருளில் படத்தை வெட்டினால் பெரிய படம் மட்டும்தான் வெட்டுப்படும், குட்டி உள்ளே முழுசாகவே கிடக்கும். புதுக் கம்ப்யூட்டர் வெட்டிய படத்தைப் பார்த்துத் தானாகப் புதிதாக ஒரு குட்டியைப் போட்டுக் காட்டியது. பழையதற்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. உள்ளே இருந்ததை அப்படியே எடுத்து முன்னால் வைத்துவிட்டது.

நகத்தளவு படம்தான். நடுவில் மாலையும் கழுத்துமாக அன்பரசன். அவன் பக்கத்தில் மாலை போட்ட ஒரு பெண். அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டையில் ஒருவர். இந்தப் பக்கம் மாம்பழ நிறச் சேலையில் ஒருத்தி. முகம் சரியாகத் தெரிய வேண்டியதில்லை, அந்தச் சேலையை எழில்மொழி எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பாள். கோப்பில் கேமரா பதித்து வைத்திருந்த தேதி போன வருஷத்து மாசி மாதம். பழனிக்குப் போன மாசி.

மேக்கப் அறைக்கு வந்த ஆயிஷா என்ற கல்யாணப் பெண் ஒருத்தி, அக்கா ஏன் அழறீங்க என்று கேட்டபோதுதான் தான் அழுவதே அவளுக்குத் தெரிந்தது. பாயிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கேட் மூடியிருந்தது. ரயில் போய்த் திறக்கும்வரை நிற்கப் பொறுக்காமல் குனிந்து நுழைந்து தண்டவாளத்தைத் தாண்டி நடந்தாள். கேட் கீப்பர் திட்டியது காதில் விழவில்லை.

வீட்டில் தங்கம்மாள் விதைநெல் புடைத்துக்கொண்டிருந்தாள். அரசப்பன் அப்போதுதான் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். எழில்மொழி கத்தவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள்.

"அம்மா, தம்பி கல்யாணத்துக்கு அந்த மாம்பழக் கலர் சேலையத்தான் கட்டிக்கிட்டுப் போனியா?"

முறத்தில் புடைத்த நெல் பாதி தரையில் கொட்டிற்று. அரசப்பன்தான் தலையைக் குனிந்தபடி மெல்லச் சொல்ல ஆரம்பித்தார். சென்னையில் ஒரு நல்ல இடம். பெண்ணின் தகப்பனார் கட்டட கான்ட்ராக்டர், ஷார்ஜாவிலும் அவருக்கு வேலை நடக்கிறது, அன்பரசனை மேஸ்திரிக்கு மேலே சூப்பர்வைசராக வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: வீட்டில் கல்யாணமாகாத அக்கா யாரும் இல்லையே? இருந்தால் வேண்டாம், அந்தச் சுமையெல்லாம் என் மகள் தலையில் விழும் என்றார்.

எழில்மொழிக்கு அடுத்த கேள்வியைக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டாள்.

"என்னப் பத்தி என்ன சொன்னீங்கப்பா?"

"கல்யாணம் ஆயிடுச்சுன்னு சொன்னோம் தாயி." அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அவங்க நம்பல. படம் இருக்கான்னு கேட்டாங்க."

படம் இருந்ததே! டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்த படம். ஒட்டினது தெரியாத படம். பிளக்-இன் சிடியிலிருந்து வந்த அந்தப் பேர் தெரியாத மாப்பிள்ளைக்கு அவர்களே ஒரு பேரும் வைத்து, மலேசியாவில் இருக்கிறார் என்று ஒரு நாட்டையும் கொடுத்து, கீழ்வேளூரில் மாமியார் வீடு என்று ஊரையும் கொடுத்திருக்கிறார்கள். கண்ணேறு படும் என்று கடை வாசலில் கத்திப் பிடுங்கிக்கொண்டு வந்த அதே தங்கம்மாள்தான் அந்தப் படத்தை மஞ்சள் பையில் வைத்துச் சென்னைக்கு எடுத்துப் போயிருக்கிறாள். பழனியும் பொய், மலை ஏறியதும் பொய். பஞ்சாமிர்தம் சென்னையில் வாங்கியது.

எழில்மொழிக்கு அப்போதுதான் எல்லாம் பொருந்தியது. தம்பிக்கு லீவு கிடைக்காமல் இல்லை. அவளுக்குக் கல்யாணம் நடந்தால் தம்பி வர வேண்டும், தம்பி வந்தால் அவன் மனைவி வர வேண்டும், வந்தால் ஏற்கெனவே கல்யாணமான நாத்தனாருக்கு இன்னொரு கல்யாணமா என்று கேட்பாள். அந்தப் பொய் உடைந்துவிடக் கூடாதென்று இவள் கல்யாணத்தை வருஷா வருஷம் தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

"இராஜாங்கம் வந்தாரே, அப்பவேவா?" என்றாள்.

"அப்பத்தான்டி அங்க பேசிக்கிட்டு இருந்தோம்." தங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவளுக்கு ஒரு புள்ள பொறந்துட்டா சொல்லிக்கலாம்னுதான் இருந்தோம். ஒன்ன விட்டுடுவமா நாங்க?"

விட்டுவிடுவார்களா என்ன! காதும் காதும் வைத்தாற்போல் கழுத்தை அறுத்துவிட்டு, விட்டுவிடுவோமா என்று கேட்கிறார்கள். எழில்மொழியின் மனசில் வலித்தது தம்பி கல்யாணம் பண்ணிக்கொண்டது அல்ல. வேலைக்காக அவசரம், பண்ணிக்கிறேன் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவளே உட்கார்ந்து ஆல்பம் போட்டுக் கொடுத்திருப்பாள். அவளை வைத்தே அவளை ஏமாற்றினார்களே, அதுதான் அவளுக்கு ஆறவில்லை. இத்தனை பேர் முடியைப் பிரித்தெடுத்த கை, கடைசியில் தன் கழுத்துக்கே தான் மாலை போட்டுத் தன்னை வீட்டைவிட்டு அனுப்பியிருக்கிறது.

மறுநாள் ஸ்டுடியோவிலிருந்து துரைராசுவுக்கு ஃபோன் போட்டாள். ஒன்றையும் மறைக்கவில்லை. என் தம்பி மாலை போட வரமாட்டான், என் வீட்டிலிருந்தும் யாரும் வரமாட்டார்கள், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டாள்.

"தம்பி வந்தாத்தான் கல்யாணம்னு நாங்க சொல்லவே இல்லைங்க," என்றார் துரைராசு. "ஒங்க அம்மாதான் கண்டிஷனா சொன்னாங்க. நாங்க ஆவணியிலயே முடிச்சுடலாம்னுதான் கேட்டோம்."

அவள் ஃபோனை வைத்தாள். கல்யாணம் கைகூடிவிட்டது என்ற சந்தோஷம் வரவில்லை. இன்னும் எதையெல்லாம் மறைத்தார்களோ என்ற எண்ணம்தான் வந்தது. அந்தச் சந்தேகம் அவளைவிட்டு இன்றுவரை முழுசாகப் போகவில்லை. துரைராசு தங்கமான மனிதர், அவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலும் அவள் முகம் மாறிவிடும். பாவம், அவர் என்ன செய்வார்.

அன்று மாலையே அன்பரசனுக்கு ஒரு வரியில் மெயில் எழுதினாள்: வெட்டாத படத்தை அனுப்பு. அவன் ஃபோன் செய்யவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. படம் மட்டும் வந்தது.

ஆவணியில் திருப்பனந்தாள் கோயிலில் தாலி கட்டினார்கள். நெய்னா பாயும் அவர் மனைவி ரசியா பேகமும் காரில் வந்து கோயில் வாசலில் நின்றார்கள். மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அழைத்து வர ஆளில்லை. துரைராசு தானே வந்து நின்றார். பாய் பழக்க தோஷத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். எழில்மொழி கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றாள். படத்தில் இருக்கிற கல்யாணத்தை நம்பும் தெம்பு அவளுக்கு இல்லாமல் போயிருந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் அவள் ஸ்டுடியோவிலிருந்து துணிமணியை எடுக்க வீட்டுக்குப் போயிருந்தாள். கையில் செய்தித்தாள் சுற்றிய பெரிய ஃபிரேம் ஒன்று இருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டக் கேட்ட குடும்பப் படம்தான் வந்துவிட்டது, மகள் மனசு இறங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு தங்கம்மாள் ஆவலாகப் பிரித்தாள். அன்பரசன், அவன் மனைவி, வெள்ளைச் சட்டையில் அரசப்பன், மாம்பழ நிறச் சேலையில் தான். வெளிச்சம், நிறம், சேலையின் ஜரிகை என்று ஒவ்வொன்றையும் எழில்மொழி பார்த்துப் பார்த்துச் சரிசெய்திருந்தாள். அவள் செய்ததிலேயே நல்ல வேலை என்று பாய் இன்னும் சொல்வார். அந்தக் குடும்பத்துக்கென்று அவள் போட்ட படங்களில் யாரையும் ஒட்ட வேண்டியிராத ஒரே படம் அதுதான். நாலு பேரும் நிஜமாகவே சேர்ந்து நின்றார்கள்.

தங்கம்மாள் படத்தையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அரசப்பன் சுவரைப் பார்த்தார்.

"குடும்பப் படத்துல நீ இல்லாம எப்படிடி?" என்றாள் தங்கம்மாள்.

"நான்தான் கல்யாணமாகிப் போயிட்டேனேம்மா," என்று சொல்லிவிட்டு எழில்மொழி பையை எடுத்துக்கொண்டாள்.